என் 35-ஐ யார் அழிப்பது?

ஏப்ரல் 3
பட்டாசு மருந்து அறையின் வெப்ப அலாரம் மறுபடியும் 40 டிகிரியில அடிக்கிற மாதிரி மாறியிருக்கு. நேத்துதான் கம்ப்யூட்டர் திரையில 35-னு மாத்தினேன். எவன் கை வைக்கிறது?

புது புரோகிராம் போட்டு ஒரு வாரம்கூட ஆகல. அலாரம் வித்தவங்க குடுத்த பொது அளவு ஒரு ஃபைல். எங்க ஆலைக்குன்னு நான் எழுதின அளவு இன்னொரு ஃபைல். ரெண்டையும் சேர்க்கிற பகுதி என் வேலை. என் ஃபைல்ல 35 அப்படியே இருக்கு. அப்போ யாரோ திரையில தட்டுறாங்க.

அம்மா அந்த அறையிலதான் பட்டாசுக்குள்ள மருந்து செலுத்துறா; 35-ஐத் தாண்டினா எல்லாரும் வெளிய வந்துரணும்.

ஏப்ரல் 4
40.

ஏப்ரல் 5
திரை இருக்கிறது போர்மேன் ஆண்டிச்சாமி அறையில. சாயங்காலம் கரண்ட் மெயினை அமத்திட்டுக் கடைசியாப் பூட்டிப் போறதும் அவர்தான். "பதினோரு மணிக்கே அலாரம் அடிச்சா ஆர்டர் எப்படி தாயி முடியும்?"னு போன வாரம் சலிச்சுக்கிட்டார். வேற என்ன வேணும்?

அம்மாகிட்ட சொன்னேன். "ஏட்டி, அவுகளையா சந்தேகப்படுத? பொறி கிளம்பிரக் கூடாதுன்னு மெயினை அமத்தாம வீட்டுக்குப் போகாத மனுசன்!"

அம்மாவுக்கு எல்லாரும் நல்லவங்க.

ஏப்ரல் 7
அறைக்குள்ள 37. அலாரம் அடிக்கல; திரையில மறுபடியும் 40. உள்ள நாலு பொம்பளைங்க, ஒருத்தி எங்கம்மா. ஓடிப்போய் வெளிய கூட்டிட்டு வந்தேன்.

மேனேஜர் பாலகுருகிட்ட எழுதிக் குடுத்துட்டேன் — ஆண்டிச்சாமி பேரைப் போட்டே.

ஏப்ரல் 8
அவரை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. இருபத்திரண்டு வருசச் சர்வீசாம். போறப்ப என்னையே பார்த்தார். பார்க்கட்டும்!

35 வச்சு, வழக்கப்படி மெயினை அமத்தி, நானே பூட்டினேன். சாவி என் பையில.

ஏப்ரல் 9
40.

சாவி என் பையிலதான் இருக்கு. அப்போ யாரு?

மெயினை அமத்தினா காலையில கம்ப்யூட்டர் ரெண்டு ஃபைலையும் புதுசாப் படிக்கும். நான் எழுதின வரிசையைத் திறந்து பார்த்தேன். முதல்ல எங்க அளவு, அதுக்கு அப்புறம் பொது அளவு. பின்னால வர்றது முன்னால உள்ளதை அழிச்சிரும். அடி சண்டாளி, தலைகீழா எழுதி வச்சிருக்க! தினமும் காலையில அழிச்சது நான்தான்.

ஏப்ரல் 10
வரிசையை மாத்தி, மெயினை மூணு தடவை அமத்திப் போட்டுப் பார்த்தேன். மூணு தடவையும் 35. பாலகுருகிட்ட ஒத்துக்கிட்டேன். "அவரைக் கூட்டிட்டு வா"ன்னார்.

நாரணாபுரத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னுது அண்ணாச்சி, வேலைக்கு வாங்க."

நாற்காலியைத் துடைச்சுப் போட்டார். "அலாரம் சரியாயிருச்சா?"

"ஆயிருச்சு."

"எழுதிக் குடுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல தாயி?"

அவர் வாறேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல.

ஏப்ரல் 11
பத்து ஐம்பதுக்கு அலாரம் அடிச்சது. அம்மாவும் மத்த மூணு பேரும் வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னாங்க. தலை எண்ணுறது போர்மேன் வேலை. இன்னைக்கு நான் எண்ணினேன்.