சொல்ல வந்த வாய்

லக்ஷ்மிபாய் நகர், தில்லி
நவம்பர் 1998

அன்புள்ள செண்பகவல்லிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பக்கத்து வீட்டு ரோஹிணி படிக்கும் ஓவியக் கல்லூரியில், வரைவதற்கு வயதான முகம் வேண்டுமென்று என்னை அழைத்துப்போனாள். பயப்படாதே, சட்டையோடுதான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் சுருக்கங்களை ஒன்று விடாமல் வரைந்தார்கள். யாரோ கிழவர் மாதிரி இருந்தது. ரோஹிணியின் படத்தில் சுருக்கம் அதிகமில்லை. ஆனால் வாய், எதையோ சொல்ல வந்து மூடிக்கொண்டது போல இருந்தது. அச்சு அசல் நான்தான்.

"அங்கிள், என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து உனக்கும் எப்போதும் அதே பதில்தானே!

படத்தை எனக்கே கொடுத்துவிட்டாள். சாப்பிடும்போது எதிரே சாத்திவைத்துக்கொள்கிறேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. பார்சலில் அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா.

சிவனணைந்தபெருமாள்