நாலாம் நாள் வருகிறேன் என்றேன்

மாசி 12, வியாழக்கிழமை

அன்பு மகள் செம்மொழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், டப்ளின் குளிரில் உனக்கு வந்த இருமல் இதற்குள் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன், விடவில்லை என்றால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. வாராவாரம் போனில் பேசுகிற அப்பா கடிதம் எதற்கு எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அதோடு உன் குரலைக் கேட்டாலே எனக்குப் பொய்தான் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ, வேலையை விட்டுட்டு உங்கள மாதிரி தனியா கன்சல்டிங் பண்ணலாம்னு இருக்கேன்ப்பா, என்ன சொல்றீங்க என்று கேட்டாய். தைரியமா பண்ணும்மா என்றேன். அது பொய். அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

விதையும் பூச்சிமருந்தும் விற்கிற கம்பெனியில் இருபத்து நான்கு வருஷம் இருந்தேன். நம் குடும்பத்தில் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகாமல் கம்பெனி ஜீப்பில் போய் இறங்கிய முதல் ஆள் நான்தான். தேவையில்லாத மருந்தையும் அடிக்கச் சொல்லி அலுத்துப்போய், இனிமேலாவது உள்ளதைச் சொல்லுவோம் என்றுதான் ராஜினாமா செய்தேன். பாபநாசத்தில் இர்பான் உரக்கடை மாடியில் அறை பிடித்து வேளாண் ஆலோசகர் என்று போர்டு மாட்டியதை வீடியோவில் பார்த்து நீகூடக் கைதட்டினாய். அதற்குப் பிறகு நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. ஜீப்பில் போனபோது நாற்காலி எடுத்துப் போட்ட விவசாயிகள் பைக்கில் போனபோது, மருந்து கொண்டாந்தீங்களா சார் என்றார்கள். இல்லை, யோசனை மட்டும்தான் என்றால் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். இரண்டு வருஷத்தில் முழுசாக நம்பி வந்தவர் சாமிதுரை ஒருத்தர்தான், மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து சம்பா நட்டிருந்தார்.

மார்கழியில் கதிர் வரும் சமயம் பயிரின் தூரில் சாற்றை உறிஞ்சுகிற புகையான் பூச்சி தெரிந்தது. அதைத் தின்கிற சிலந்தியும் நிறைய இருந்ததால், தண்ணியை வடிங்க, மருந்து வேண்டாம், நாலாம் நாள் நானே வந்து பார்த்துட்டுச் சொல்றேன் என்றேன். சொன்னது சரிதான், இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவேன். ஆனால் மறுநாளே திருச்சியில் ஒரு நிறுவனம் ஐம்பது கிராமத்துக்கு ஆலோசகர் வேண்டும் என்று கூப்பிட்டது. போனேன். இன்று நாளை என்று இழுத்தார்கள், லாட்ஜில் தங்கினேன். சாமிதுரை இரண்டு தடவை கூப்பிட்டார். அதிகாரி எந்த நேரமும் உள்ளே அழைப்பார் என்று உட்கார்ந்திருந்ததால் எடுக்கவில்லை, நாளைக்கு வந்துவிடுகிறேன் என்று மெசேஜ் மட்டும் போட்டேன். கடைசியில், தனி ஆளுக்குக் குடுக்கறதில்லைங்க, கம்பெனியா இருந்தா வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் வயலுக்குப் போனது ஒன்பதாம் நாள். நெருப்பு வைத்தது போல வட்டம் வட்டமாகக் கருகிக் கிடந்தது. சாமிதுரை ஒரு வார்த்தை திட்டவில்லை. இர்பான் பாய் அன்னிக்கே மருந்து எடுத்து வச்சாரு சார், நீங்க வந்து பாக்கிறேன்னு சொன்னீங்களேன்னு நான்தான் வேணாம்னுட்டேன் என்றார். அவர் சம்சாரம் வரப்பில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, கடைசிவரை திரும்பவில்லை. தை மாதம் அறுவடை மெஷின் நடுவயலுக்குள் இறங்கவே இல்லை.

கம்பெனியில் இருந்தபோதும் இப்படித் திருச்சி, சென்னை என்று போயிருக்கிறேன், அப்போதெல்லாம் எனக்குப் பதில் என் கீழ் வேலை பார்த்த தௌபீக் போய்ப் பார்த்துவிடுவான். இப்போது நான் போகாவிட்டால் யாருமே போவதில்லை. இந்தச் சின்ன விஷயம் ஐம்பத்தாறு வயதில் இன்னொருத்தர் பயிர் அழிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் நாற்காலியில் இப்போது தௌபீக்தான் இருக்கிறான். ஏதாவது வேலை இருக்குமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். எனக்கு வேலை கத்துக்குடுத்தவங்க நீங்க, உங்கள எப்படிண்ணே எனக்குக் கீழ வச்சுக்கிறது என்றான், மேலே கேட்கிறேன் என்றான், பிறகு போனை எடுப்பதில்லை.

மாடி அறையைக் காலி செய்துவிட்டேன். பத்து நாளாகக் கீழே இர்பான் கடையிலேயே மருந்து எடுத்துக்கொடுக்க நிற்கிறேன். அம்மாவுக்கு இது தெரியாது. முந்தாநாள் மத்தியானம் சாமிதுரை வந்தார். சம்பா போன வயலில் தெளித்த உளுந்து மஞ்சளாகிறது போலிருக்கிறது, பறித்த செடி ஒன்று கையில் இருந்தது. நல்லா இருக்கீங்களா சார் என்று விசாரித்தார். இர்பான் சாப்பிடப் போயிருந்தான். அவன் வரும்வரை முக்கால் மணி நேரம் அந்தச் செடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். அது என்ன நோய் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதனால் வேண்டாம்மா, இருக்கிற வேலையில் இரு. நீ என்னைவிடக் கெட்டிக்காரி, உன் தொழில் வேறு, தேசம் வேறு, எல்லாம் எனக்குத் தெரிகிறது, ஆனாலும் தைரியமாகப் போ என்று இனி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியும் விடுவதானால், உன்னால் முடியாத நாளில் உன் இடத்தில் போய் நிற்க ஒருத்தரைத் தேடிக்கொண்டு அப்புறம் விடு.

நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பிடு, வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. திருச்சி வேலை கிடைத்துவிட்டது என்று இந்த வாரம் நான் சொன்னதை அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உன்னிடமும் சந்தோஷமாகச் சொல்லுவாள். அப்போது ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொள்.

உன் அப்பா,
நெடுமாறன்