குட்டை வயர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி தேவலையா?

ஒரு சின்ன விஷயம், பதறாதே. நான் வயரிங் வேலை பார்க்கும் இந்தக் கூடத்தில் கூரை விளக்குகளின் வெளிச்சம்தான் கணினிகளுக்குத் தகவல் கொண்டுபோகிறது. எல்லா விளக்கும் ஒரே தகவலை ஒரே கணத்தில் அனுப்ப வேண்டும். நேற்றுச் சோதனையில், விளக்குக்கு நேர் கீழே கணினி ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு விளக்குக்கு நடுவே நகர்த்தியதும் திரை முழுக்கப் புரியாத குப்பை எழுத்து.

"வயர் இழுத்தது யாரு?" என்றார் இன்ஜினியர்.

"நான்தான் சார்."

"எல்லாம் ஒரே நீளம்னு வரைபடத்துல போட்டிருந்ததே, பாக்கலையா?"

பார்த்தேன். மிச்சத்தைச் சுருட்டி வைத்தால் அசிங்கமாக இருக்குமே என்று, தகவல் வரும் பெட்டிக்குப் பக்கத்து விளக்குக்கு வயரைக் குட்டையாக வெட்டிவிட்டேன். அதில் தகவல் முந்திக்கொண்டது, நீள வயரில் பிந்தியது. நடுவில் இரண்டும் மோதிக் குழம்பிவிட்டன. இன்று காலையிலேயே மாற்றிவிட்டேன். மூன்று மணிக்கு மறுசோதனை. தேறாவிட்டால் வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். தேறிவிடும், நீ கவலைப்படாதே.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பி வை. அப்புறம், போனில் நீயும் பாப்பாவும் ஒரேசமயத்தில் பேசினால் ஒன்றும் புரியவில்லை என்று சிடுசிடுத்தேனே, அதை மறந்துவிடு. இதோ, மறுசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். இனி இரண்டு பேரும் சேர்ந்தே பேசுங்கள். புரியாவிட்டால் பரவாயில்லை.

உன் வீட்டுக்காரன்