விசிலுக்கு முன் ஒரு நொடி

புத்தூர்
02.07.2025

அன்பின் கேதீசுக்கு,

நானும் வயிற்றில் இருப்பவரும் சுகம். நேற்றுக் கிளினிக்கில் பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வாரத்துக்கு இருக்க வேண்டிய வளர்த்தி இருக்கிறது, துடிப்பும் நன்றாக இருக்கிறது. உறையைப் பிரித்ததும் நீங்கள் தேடப்போவது இதைத்தான் என்று தெரியும். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

லீவு முடிந்து வெள்ளிக்கிழமை டோகாவுக்குத் திரும்பும் சுபாஸ்கரன் அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். மாமி தந்த மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் நடுவில் இருக்கும். தயவுசெய்து அறையில் வைத்து வாசிக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் எழுதப் பார்த்து மூன்று தரம் அழித்தேன். உங்கள் போனில்தான் அறையில் இருக்கும் ஆறு பேரும் பாட்டுக் கேட்கிறார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இங்கே நான் போனில் கதைத்தால் மாமிக்குக் கேட்கும். மாமிக்குக் கேட்டால் வேலிக்கு அங்காலும் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். ஒன்று, "நான் ஏதும் பகிடி சொல்லத் தொடங்கினால் போனை வைக்கிறீர், என்னோடை கோவமோ?" என்பது. மற்றது, "இரத்தம் படுகுதெண்டு அம்மா சொல்லுறா, எனக்கு ஏன் மறைக்கிறீர்?" என்பது. இரண்டுக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்கு அடுத்த நாள் நீங்கள் வேலையை விட்டுவிட்டு வரப்போவதாக மாமிக்குச் சொல்லியிருக்கிறீர்கள். சனிக்கிழமை வரை பொறுங்கள், கடிதம் வருகிறது என்று நான் அனுப்பிய செய்தியைப் பார்த்து இன்னும் பயந்திருப்பீர்கள். இரத்தமும் இல்லை, கோபமும் இல்லை. இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான்.

எனக்குச் சிறுநீர் கசிகிறது.

எழுதிவிட்டேன். இவ்வளவுதான் விஷயம். இருமினால், தும்மினால், குனிந்து எதையாவது தூக்கினால், சிரித்தால், விசில் அடித்தால் கசிகிறது. சில நாள் ஒரு துளி, சில நாள் உள்பாவாடை நனைகிற அளவுக்கு. ஐந்தாம் மாதத்தில் தொடங்கியது. மைதானத்தில் எங்கள் வலைப்பந்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒருத்தி பந்தோடு மூன்று அடி ஓடிவிட்டாள். நான் விசில் அடித்தேன். என் விசில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், றோட்டில் சைக்கிளில் போகிறவர்களும் இறங்கி நிற்பார்கள். அந்த ஊதலோடு கீழே சூடாக ஏதோ போனது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த விசிலுக்கும் போனது. பன்னீர்க்குடம் உடைந்துவிட்டதோ என்று பயந்தேன். மணத்தை வைத்துத்தான் இது வேறு என்று தெரிந்தது. அன்றைக்கு நான் அழுதது பயத்திலா வெட்கத்திலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் செய்த கெட்டித்தனத்தைக் கேளுங்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். காலையில் அரைக் கோப்பை தேத்தண்ணி, பிறகு பாடசாலை விட்டு வரும்வரை ஒன்றுமில்லை. வெளிர்நிறச் சேலைகளையெல்லாம் அலுமாரியில் வைத்துவிட்டுக் கறுப்பையும் கடும் நீலத்தையும் மாறி மாறி உடுத்தேன். பாடசாலையால் வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் வாளி வாளியாக வார்த்துத் தோய்ந்தேன். நாளுக்கு இரண்டு தரம் தோய்ந்தால் சளி பிடிக்கும் என்று மாமி ஏசினார். பிடித்தது. சளி பிடித்தால் இருமல், இருமினால் என்ன நடக்கும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

மூன்று கிழமைக்கு முன் சிறுநீர் போகும்போது நெருப்பாக எரிந்தது. பின்னேரம் குளிரும் காய்ச்சலும் வந்தது. மூன்று நாள் பொறுத்துவிட்டு, மாமிக்குச் சொல்லாமல் கிளினிக்குக்குப் போனேன். எங்கள் பகுதி மருத்துவ மாது தயாளினி அக்காவை உங்களுக்குத் தெரியும், கலியாணம் முடிந்த கையோடு வீட்டுக்கு வந்து பெயர் பதிந்தவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் தண்ணீர் குடிப்பதில்லை என்றதும் அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "ரீச்சர், நீங்கள் படிச்ச ஆள். தண்ணியைக் குறைச்சால் சலம் கடுமையாகி இன்னும் முட்டும், கிருமியும் தொத்தும். கிருமி தொத்தினால் பிள்ளைக்கும் கூடாது" என்றார். எரிவை வைத்திருந்து மூன்று நாள் பிந்தி வந்ததற்குத் தனியாக ஏச்சு. சிறுநீரைச் சோதித்து டொக்டர் ஒரு கிழமைக்கு மருந்து தந்தார். எரிவும் காய்ச்சலும் போய்விட்டன. நேற்றுத் திரும்பச் சோதித்தார்கள், கிருமி இல்லை.

கசிவு மருந்தால் நிற்காது. பிள்ளையின் பாரம் கீழே அழுத்துவதால் வருகிறது, கர்ப்பிணிகளில் எத்தனையோ பேருக்கு வருவதுதான், வாய் திறந்து சொல்வதில்லை என்று தயாளினி அக்கா சொன்னார். ஒரு பயிற்சி பழக்கினார். சிறுநீரையும் காற்றையும் ஒன்றாக அடக்குவதுபோல உள்ளுக்கு இறுக்கி, மூச்சை விட்டுவிட்டு ஐந்து எண்ணி, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூன்று முறை. சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது செய்யக்கூடாது. இருமல் வருகுதென்று தெரிந்தால் அதற்கு முன்னமே இறுக்கிக்கொள்ள வேண்டும். முட்டும்வரை பார்த்திராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போக வேண்டும். நிற்காமல் தண்ணீராகப் போனாலோ, நிறம் மாறினாலோ, இரத்தம் கண்டாலோ எந்த நேரமென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பதின்மூன்று வருடமாக விளையாட்டு ஆசிரியை நான். காலில் இருக்கிற அத்தனை தசைக்கும் பெயர் சொல்வேன். இப்படி ஒரு தசை இருக்கிறதென்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. இப்போது ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் ஒரு மணித்தியாலம் கதைக்கும்போது நான் என் பயிற்சியைச் செய்துகொண்டிருக்கிறேன். கவனமாகக் கேட்கிறேன் என்று அவர் நினைக்கிறார்.

கசிவுக்கு மாதவிடாய்ப் பாட் வைக்கச் சொன்னவரும் தயாளினி அக்காதான். அச்சுவேலி மருந்துக்கடையில் நிற்பவரின் மகள் என் வகுப்பு. அதனால் சுன்னாகத்துக்குப் பஸ் ஏறினேன். கடையில் நின்ற பெண் என் வயிற்றைப் பார்த்தார், கேட்ட சாமானைப் பார்த்தார், "ஐயோ தங்கச்சி, இரத்தம் படுகுதோ? உதை விட்டிட்டு முதல்லை ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் பையோடு வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் மாமியோடு கோயிலில் பூக்கட்டுகிறவர் என்பதை நான் கவனிக்கவில்லை. மீதியை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். போன வெள்ளிக்கிழமை அவர் மாமியிடம் சொல்லியிருக்கிறார். மாமி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மனுக்கு நேர்த்தி வைத்து, என் கையில் நூலைக் கட்டி, நான் தூக்கக்கூடாதென்று தண்ணீர் வாளியை ஒளித்துவைத்து, உங்களுக்குப் போன் எடுத்தார்.

இடையில் பாடசாலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் மைதானம் றோட்டுக்கு மற்றப் பக்கம். அங்கே ஒரு கழிப்பறை இருக்கிறது. கனடாவில் இருக்கும் பழைய மாணவர்கள் கட்டித்தந்தது. நாடா வெட்டித் திறந்த நாளே பூட்டியாகிவிட்டது, வருடாந்த விளையாட்டுப் போட்டிக்கு வரும் விருந்தினருக்கு மட்டும் திறப்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் றோட்டைக் கடந்து, கட்டிடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் வேலை முடிந்துவிடும். அதனால் அதிபர் சிவசுப்பிரமணியம் சேரிடம் போய் அந்தப் பூட்டின் திறப்பைக் கேட்டேன். அவர் நல்ல மனிதர். "ரீச்சருக்கு ஏலாட்டில் ஓய்வெடுங்கோவன், வலயப் போட்டி முடியுமட்டும் கஜீபன் சேர் பிள்ளையளைப் பாக்கட்டும்" என்றார்.

கேதீஸ், இந்தப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்து நான் பழக்கியிருக்கிறேன். பத்தொன்பதாம் திகதி வலயப் போட்டி. அந்த இடத்தில் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தால் இனி எல்லாவற்றுக்கும் ஆட்டியிருப்பேன். நான் நின்றுகொண்டே சொன்னேன். "சேர், எனக்குச் சலம் அடக்க ஏலாமல் கிடக்கு. பிள்ளை வயித்திலை இருக்கேக்கை வாறது. நோயொண்டும் இல்லை. எனக்கு ஓய்வு வேண்டாம், திறப்புத்தான் வேணும்." அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், மேசையில் கிடந்த கோவையைப் பார்த்தார், பிறகு எழும்பி ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்து என் கையில் தந்தார். அடுத்த நாள் அங்கே தண்ணீர்த் தொட்டியும் நிரம்பியிருந்தது.

திறந்த முதல் நாள் நான் உள்ளே போய் வெளியே வந்தால் என் அணி முழுவதும் வரிசையில் நிற்கிறது. தலைவி நிவேதனாதான் முன்னுக்கு. காலை ஏழு மணிக்குப் பிறகு தாங்கள் ஒருவரும் தண்ணீர் குடிப்பதில்லை, போக இடமில்லை என்று அவள் சொன்னாள். பயிற்சியில் தலை சுற்றி விழுகிற பிள்ளைகளைச் சாப்பிடாமல் வருகிறீர்கள் என்று எத்தனை தரம் ஏசியிருக்கிறேன். போன வருடம் இதே நிவேதனா பயிற்சிக்கு நடுவில் வெளியே போகக் கேட்டதற்கு மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டவள் நான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ரீச்சர், எங்களுக்குப் பழகிட்டுது" என்றாள். அவள் இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இப்போது ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் மைதானத்துக்குள் ஒருத்தியையும் விடுவதில்லை. திறப்பு என் கழுத்தில் விசிலோடு தொங்குகிறது. நான் பிள்ளை பெறப் போகும்போது அது நிவேதனாவின் கழுத்துக்குப் போகும், ஆணிக்குப் போகாது. அதையும் அதிபரிடம் சொல்லிவிட்டேன்.

விசிலையும் விடவில்லை. முதலில் இறுக்குகிறேன், பிறகு ஊதுகிறேன். இடையில் ஒரு நொடி பிந்துகிறது. ரீச்சர் இப்போது யோசித்துத்தான் பிழை பிடிக்கிறா என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்களாம். முழுதாக நின்றுவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். குறைந்திருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகும் சில காலம் இருக்கலாமாம். இருந்தால் செய்துகொண்டே இருப்பேன்.

திங்கட்கிழமை மாமியைக் கூப்பிட்டுக் குசினியில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து எழும்பினார். பிறகு அறைக்குள் போய்த் தன் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து, அளவாக மடித்து, ஒரு அடுக்குக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அந்தத் துண்டுகளை மடிக்க அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. நீங்கள் பிறந்ததிலிருந்து மாமி ஏன் ஒரு தேர்த்திருவிழாவுக்கும் போவதில்லை என்று எனக்கு இப்போது தெரியும். அவர் சொல்லுகிற முழங்கால் வலியால் அல்ல. நீங்கள் அனுப்பிய தைலப் போத்தல்கள் ஐந்தும் மூடி திறக்காமல் அலுமாரியில் இருக்கின்றன. இதைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு என்னோடு வருகிறார். பின்னேரத் தேத்தண்ணிக்கு முன் இரண்டு பேரும் பயிற்சி செய்கிறோம். மாமிதான் எண்ணுகிறார். எட்டுக்குப் பிறகு நேரே பத்துக்குப் போய்விடுகிறார்.

ஆகவே வேலையை விட வேண்டாம். புரட்டாசியில் பிள்ளை பிறக்கிற நேரம் லீவு எடுத்து வாருங்கள், அப்போது எனக்கு நீங்கள் வேண்டும். இப்போது வேண்டியது வேறு ஒன்று.

அன்றைக்கு நீங்கள், உங்கள் அறையில் இருக்கும் கனிசியஸ் புட்டுப்பானை இல்லாமல் வேலைத்தலத் தொப்பியில் புட்டு அவித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஆவி பறக்கிற நேரம் பார்த்து மேற்பார்வையாளர் வந்து கதவைத் தட்டினார் என்ற இடத்தில் நான் போனை வைத்தேன். கோபத்தில் வைக்கவில்லை, கேதீஸ். சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் திருப்பித் திருப்பி எடுத்தீர்கள். நான் நனைந்த உடுப்போடு, வாயைப் பொத்திக்கொண்டு, அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மாதமாக நான் உங்களோடு சிரிக்கவில்லை. கால் வீக்கத்தை விட, எரிவை விட, அதுதான் எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எடுங்கள். மாற்று உள்பாவாடை பக்கத்திலேயே இருக்கும். கசிந்தால் கசியட்டும், போனை வைக்க மாட்டேன். மேற்பார்வையாளர் கதவைத் தட்டின இடத்திலிருந்து மீதிக் கதையைச் சொல்லுங்கள்.

உங்களையும் அந்த அறையில் இருக்கிற ஐந்து பேரையும் அம்மன் காக்கட்டும்.

சிரிக்கக் காத்திருக்கும்,
உங்கள் ஆரணி