இழுத்தவன் முகம்

ஜூலை 4, வியாழன்
காலையிலிருந்தே கச்சான் காத்து. காயப்போட்ட துணி ரெண்டு பறந்து கானுத் தண்ணிக்குள்ள. சவுக்காரம் முடிஞ்சுபோச்சு.

கொழுந்து நிறுக்கிற மடுவத்துல இன்னைக்கு செல்விய அடிச்சிட்டான் கணக்கப்பிள்ளை. லயன் வீட்டுல என் பக்கத்துக் காம்பரா செல்விதான். மாசத்து வயித்துவலி, தேயிலை மலையில கொஞ்சம் உக்காந்துட்டா. அவ்வளவுதான். "சோம்பேறி நாயே"ன்னான். "மரியாதையா பேசுங்கய்யா"ன்னா. கொண்டையப் புடிச்சு வாசல்வரைக்கும் இழுத்தான். ஜாக்கெட் கிழிஞ்சு, முழங்கால் தேஞ்சு ரத்தம். அறுபது பொம்பளைங்க பார்த்துக்கிட்டு நின்னோம். நானும்தான். த்தூ.

ஜூலை 5
காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஒருத்தியும் போகல. லுணுகலை ரோட்டுல உக்காந்தோம். கேட்டது ஒண்ணே ஒண்ணு: அந்த ஆள வெளிய அனுப்பு. சங்கத் தலைவர் வந்தாரு. "பொம்பளைங்க ரோட்டுக்கு வரலாமா, வீட்டுக்குப் போங்கம்மா." பின்னாலயே கணக்கப்பிள்ளையோட ஆளுங்க, கம்போட. எனக்குத் தோள்ல ஒண்ணு. ராமாயி அக்காவுக்குப் பல்லு போச்சு. பல்லக் கையில வச்சுக்கிட்டே ஏசினா பாரு, அடிச்சவனுங்களே பின்வாங்கிட்டானுங்க.

குவைத்துல வீட்டு வேலை செஞ்சப்ப மேடம் எகிப்துக்காரி. அவங்க ஊர்ல புரட்சி நடந்தப்ப, போராடப் போன பொண்ணுங்கள நடு ரோட்டுல இழுத்துப்போட்டு அடிச்சாங்களாம். மத்த பொண்ணுங்க அதைச் சுவர் சுவரா வரைஞ்சாங்களாம். போன்ல படம் காட்டி அழுதாங்க. பெயின்ட வீணாக்குறாங்களேன்னு அன்னைக்கு நெனச்சேன். மடச்சி.

ஜூலை 7, ஞாயிறு
மடுவத்துல ஆளில்ல. கோயிலுக்கு அடிச்சதுல மிஞ்சின பெயின்ட், கறுப்பு, செவப்பு. சிரட்டை ரெண்டு, பிரஷ் ஒண்ணு. பள்ளிக்கூடத்துல படம் வரைஞ்ச கை, மறக்கல. மடுவத்துச் சுவத்துல செல்விய அப்படியே வரைஞ்சேன். அவிழ்ந்த முடி, கிழிஞ்ச ஜாக்கெட், கத்துற வாய். இழுக்கிறவன் முதுகு காட்டி நிக்கிறான். சாயங்காலம் வந்தவங்க எல்லாம் "ஐயோ, நம்ம செல்வி"ன்னு அழுதாங்க. எனக்குப் பெருமைன்னா அப்படிப் பெருமை.

ஜூலை 8
செல்வி புருஷன் படத்தப் பார்த்துட்டான். "ஊருக்கே ஒடம்பக் காட்டிட்டியாடி"ன்னு விறகுக்கட்டையால மண்டையில. வெளிய நாங்க கதவத் தட்டுறோம், உள்ள அடி. சத்தம் நின்னுபோச்சு. கதவ ஒடச்சுத் தூக்கினோம். பதுளை ஆஸ்பத்திரி.

நான் வரையாம இருந்திருந்தா இந்த அடி இல்ல.

ஜூலை 10
ஆரஞ்சு, பிஸ்கட், ஒரு துவாய். பஸ்ல நின்னுக்கிட்டே போனேன். தலையில பதினாலு தையல்.

"அழிச்சிடுறேன் செல்வி."

"வரையிறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டியா அக்கா?"

"இல்ல."

"இழுத்தவன் முகத்த ஏன் போடல?"

பயம்னு சொன்னேன். வேற என்ன சொல்ல.

"ஒனக்குப் பயம், அதனால என் முகமா? என்னைய அழி. கணக்கப்பிள்ளையப் போடு."

ஜூலை 16
இடது கையால எழுதுறேன். கோழி கிண்டின மாதிரி இருக்கு.

ஞாயித்துக்கெழம செல்வி படத்து மேல சுண்ணாம்பு அடிச்சேன். கணக்கப்பிள்ளைய நேரா நிக்க வச்சேன். தொப்பி, மீசை, தாடையில மரு. கண்ணு போடுறதுக்குள்ள வந்துட்டானுங்க, அவன் ஆளுங்க மூணு பேர். வலது கையக் கல்லு மேல வச்சு மிதிச்சானுங்க. வெரலு ஒடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. படத்த அழிக்கப் போனவனுங்கள ராமாயி அக்கா தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட நிறுத்திட்டா.

வலிக்கு மாத்திரை ரெண்டு. தூக்கம் இல்ல. கை போயிருச்சேன்னு அழுகை வருது.

ஜூலை 18
செல்விய ஆஸ்பத்திரியில இருந்து விட்டுட்டாங்க. புருஷன் இருக்கிற காம்பராவுக்குப் போகல. தலையில கட்டோட நேரா மடுவத்துக்கு வந்துட்டா. வேலைக்குப் போகாம நாங்க எல்லாம் அங்கதான் உக்காந்திருந்தோம். பேர் கூப்பிட கணக்கப்பிள்ளையும் வந்து நின்னான்.

"அக்கா, கண்ணு எங்க வரும்?"

காட்டினேன். வெரலால கறுப்பத் தொட்டு வச்சா. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. திரும்பி அந்த ஆளையே கேட்டா:

"சரியா இருக்காய்யா?"