வளைவில் திரும்பாத வண்டி

ராஸ் அல் கைமா
12 மார்ச் 2006

அன்பு மகள் ஜெஸ்மிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அயர்லாந்துக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நான் உன் தம்பி ரெனீஷிடம் வந்து சேர்ந்துவிட்டேன், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் இங்கே கண்டதையும் கேட்டதையும் இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

ஏர்போர்ட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. புறப்படும் முன்பு ரெனீஷின் கூட்டுக்காரன் கிளிட்டஸ் ஒரு பொதியைக் கொண்டுவந்து, ரெனீஷ் வீட்டு மாவு கிரைண்டருக்கான சாமான் என்று தந்தான். கல்ஃபுக்குப் போகிற யார் பெட்டியிலும் இன்னொருவர் பொதி இருக்கும், அதைப் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று நானும் பார்க்கவில்லை. சுங்க அதிகாரி என் உள்பாவாடைகளுக்கு நடுவிலிருந்து முழங்கை நீளத்தில் இரண்டு இரும்பு ஸ்பிரிங்கைத் தூக்கி எல்லோரும் பார்க்க மேசையில் வைத்தான். கிரைண்டர் என்றேன். “மாஃபி கிரைண்டர், மாமா. காடி, காடி” என்று சிரித்தான். கிரைண்டர் இல்லை அம்மா, வண்டிச் சாமான் என்கிறான்; இங்கே அம்மாவைத்தான் மாமா என்பார்களாம். ஆயுசில் பொய் சொல்லாதவள் பொய்க்காரியாக நின்றேன்.

வெளியே வந்து கேட்டால் அடுத்த இடி. உன் தம்பி செராமிக்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டானாம். எஞ்சினியர் ஒரு கராஜில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறான் ஜெஸ்மி, நகமெல்லாம் கறுப்பு. அந்த வண்டி நான் கல்யாணம் முடித்த காலத்து அமெரிக்க வண்டி, ஒரு வயதான அரபிக்காரருடையது. ஏழு லிட்டர் என்ஜின் முன்னால் பாறை மாதிரி உட்கார்ந்திருப்பதால் நேர் ரோட்டில் பறக்குமாம், வளைவில் திரும்பாதாம், அதைத் திரும்ப வைப்பதுதான் இவன் வேலையாம். முன்பாரத்தைக் குறைக்க என்ஜினின் மேல்பாகத்தை அலுமினியத்தில் மாற்றி, பேட்டரியைப் பின் டிக்கிக்குக் கொண்டுபோயிருக்கிறான். நான் சுமந்து வந்த ஸ்பிரிங் முன் சக்கரத்துக்கு, கோயம்புத்தூரில் சுற்றியது. வண்டி சரியானால் அரபிக்காரர் இவனுக்கு கஃபீலாக, அதாவது பொறுப்பாளியாக, நின்று விசா எடுப்பார், இல்லாவிட்டால் ஊருக்குத்தான். ஊருக்கே வரட்டும் என்று அன்றைக்கு ஜெபமாலை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து மசாஃபி மலைப்பாதைக்கு என்னையும் ஏற்றினான். கொடைக்கானல் பஸ்ஸில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அதனால்தான் கூப்பிட்டானாம், அம்மாவுக்குத் தலை சுற்றாவிட்டால் வண்டி சரி என்று அரபிக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறான். பெற்ற தாயை அளவுகோலாக்கியிருக்கிறான் பார். பின் சீட்டில் அந்த மனிதர் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டு வந்தார். எனக்குத் தலை சுற்றவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், வண்டி சாயவே இல்லை, வீட்டு நாற்காலியில் இருப்பது போலத்தான் இருந்தது. இறக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் இவன் ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் பாதி வளைவு வரை நேராகவே போய், பிறகுதான் திரும்பியது. வேறு யாரும் கவனித்தாற்போல் தெரியவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு இவன் என் முகத்தைப் பார்த்தான். “வண்டி கொள்ளாமாம்மா?”

“கொள்ளாம். ஆனா அந்த இறக்கத்துல நீ திருப்பின பொறவும் அது நேராத்தான் போச்சு மக்களே.”

இவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் மழுப்பாமல் அரபிக்காரரிடம் திரும்பி, அம்மா சொல்வது சரி, வண்டி இன்னும் முடியவில்லை என்று இந்தியில் சொன்னான். அவர் கலாஸ், முடிந்தது என்று சொல்லி இறங்கினார். ஜெபமாலையில் நான் கேட்டது கிடைத்துவிட்டது, பிள்ளை ஊருக்கு வந்துவிடுவான். அப்போது நான் செய்ததுதான் எனக்கே அதிர்ச்சி. கதவைத் திறந்து அந்த மனிதர் பின்னால் போய், கான்வென்ட் இங்கிலீஷில், ஐயா என் மகனுக்கு இன்னும் ஒரு மாதம் கொடுங்கள், தவறை மறைக்காதவன் அதைச் சரிசெய்வான் என்று கேட்டேன். அவர், ஒரு மாதம், ஆனால் மாமாவும் மறுபடி வண்டியில் வர வேண்டும் என்றார்.

ஆகையால் எனக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட வேண்டாம், ஈஸ்டர் பெரிய திருநாளும் இங்கேதான். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் டியூட்டி என்று சாக்குச் சொல்லி இறைச்சி தொடாதே. இருவருக்கும் மாதாவின் காவல் என்றும் இருக்கட்டும்.

உன் பிரிய அம்மா,
பிலோமினா