ஸாதியாவுக்கு ஒரு கார்

ஏறாவூர்
09.02.2025

அன்புள்ள சுஹைனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என்னோடு படிப்பிக்கிற நிஸ்றா ரீச்சர் இதைத் தரும்போது, அனுப்பியது யாரென்று பார்த்து உங்களுக்குத் திக்கென்றிருக்கும். பயப்பட வேண்டாம். றிஸ்லானைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. அவரும் நானும் பிரிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவர் உங்களைக் கலியாணம் முடித்தார். ஊர் எப்படிக் கதைத்தாலும் எனக்கு அது தெரியும்.

நான் ஒரு கார் வாங்க வேண்டும். மகள் ஸாதியாவுக்கு நடக்க ஏலாது என்பது உங்களுக்குத் தெரியும். பயிற்சிக்காக மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போகிறோம். ஓட்டோவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய வீல் செயாரைப் பின்னால் கட்டிக்கொண்டு போவோம். போன மாதம் மழையில் அது தொப்பலாகிவிட்டது. ஈரச் செயாரில் உட்கார மாட்டேன் என்று அழுதாள். வாகன இறக்குமதித் தடையை எடுத்தால் விலை விழும் என்றார்கள், பொறுத்திருந்தேன். விழவில்லை. இனிப் பொறுக்க முடியாது.

ரீச்சர் சம்பளத்தில் கார் வாங்கினாலும் பெற்றோல் அடிக்க வேண்டுமே. எண்ணெய் குறைவாகக் குடிக்கிற கார் எது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விற்பவனிடம் கேட்டால், "வீட்டுல ஆம்புள இல்லையா? அவரைக் கூட்டிட்டு வாங்க" என்கிறான். உங்கள் வாப்பா கார் வாங்கி விற்றவர், அவரிடமே கார் ஓடப் பழகியவர் நீங்கள் என்று நிஸ்றா சொன்னாள். போனில் கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பதில் எழுதாவிட்டாலும் குறையாக நினைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஹஸீனா

காத்தான்குடி
15.02.2025

ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மூத்த சகோதரி மாதிரி ராத்தா என்று எழுதலாமா என்று யோசித்தேன். வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. திக்கென்று இருந்தது உண்மைதான். வாசித்து முடித்தபோது சந்தோஷமாக இருந்தது. வாப்பா மௌத்தான பிறகு வாகனங்கள் எல்லாம் கைமாறிவிட்டன. கார் பற்றி என்னிடம் கேட்க ஆளில்லாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது.

ஹைபிரிட்தான் எண்ணெய் மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் நின்று நின்று போகிற நெரிசலில்தான் அது நன்றாக மிச்சம் காட்டும். உங்களுக்கு ஏறாவூரிலிருந்து ஒரே நேர் றோட்டு. பழையதென்றால் பற்றரி எவ்வளவு காலம் இழுக்கும் என்றும் சொல்ல முடியாது, மாற்றப் போனால் செலவு. சில கார்களில் அந்தப் பற்றரியே டிக்கியில் இடம் பிடித்துக்கொள்ளும். 660 சிசி ஜப்பான் கார்களையும் பாருங்கள். சின்ன எஞ்சின், உயரமான கதவு, பாரம் குறைவு. ஏசியும் போட்டு ஆட்களையும் ஏற்றினால் கொஞ்சம் கூடக் குடிக்கும். விற்பவர் சொல்கிற கணக்கை நம்ப வேண்டாம். தாங்கி நிரம்ப அடித்து, ஓடிவிட்டு, திரும்ப நிரப்பிப் பார்த்தால் உண்மை தெரியும்.

எதைப் பார்க்கப் போனாலும் ஸாதியாவையும் செயாரையும் கொண்டுபோங்கள்.

கட்டாரிலிருந்து அவர் போன் எடுத்தபோது உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "அதுல நீ தலையிடாத" என்றார். "எப்பவோ தலையிட்டுட்டன்" என்றேன். போனை வைத்துவிட்டார். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

அன்புடன்,
சுஹைனா

ஏறாவூர்
27.02.2025

அன்புத் தங்கச்சி சுஹைனாவுக்கு,

உங்களுக்கு அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். நீங்கள் சொல்லியிராவிட்டால் நான் ஏமாந்திருப்பேன். பளபளவென்று ஒரு ஹைபிரிட் பார்த்தோம். எனக்கு மனம் போய்விட்டது. டிக்கியைத் திறந்து செயாரை வைத்தோம், எந்தப் பக்கம் திருப்பினாலும் மூடவில்லை. "செயாரக் கழட்டி வைக்கலாமே" என்றார் விற்பவர். ஸாதியா அவரைப் பார்த்து, "உங்கட கால நீங்க கழட்டி வைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டாள். நான் அதட்டவில்லை.

சித்தாண்டியில் கேதீஸ்வரி என்றொரு அம்மா தன் 660 சிசி காரைக் கொடுக்கப் போகிறாராம். மகளோடு இருக்க வெளிநாடு போகிறார். படத்தில் நன்றாக இருக்கிறது. நோன்பு முடிந்து பார்க்கலாம் என்றிருக்கிறார். எனக்கு லைசன்ஸ் இருக்கிறதே தவிர, எஞ்சின் சத்தம் கேட்டு நல்லது கெட்டது சொல்லத் தெரியாது. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்கள் வந்து ஒருமுறை ஓடிப் பார்ப்பீர்களா? உங்கள் வீட்டில் மனக்கசப்பு வருமென்றால் வேண்டாம்.

அன்புடன்,
ஹஸீனா

காத்தான்குடி
10.04.2025

அன்பு ராத்தாவுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். கார் பார்க்கச் சித்தாண்டிக்கு வந்த அன்று, பாசிக்குடாக் கடற்கரைக்குப் போனால்கூட இவ்வளவு சந்தோஷமாகத் திரும்பியிருக்க மாட்டேன். கேதீஸ்வரி அம்மா காரைப் பிள்ளை மாதிரி வைத்திருந்திருக்கிறார். பின் சீட்டில் ஒரு பாதியை மடித்ததும் செயார் சுகமாகப் போய் உட்கார்ந்தது. நிரப்பிப் பார்த்த கணக்கும் மோசமில்லை, நீங்கள் அதை வாங்கியது நல்லதுதான். நீங்கள் ஓடும்போது மட்டும் இரண்டாம் கியரிலேயே நிற்காதீர்கள், எண்ணெய் எல்லாம் அதிலேயே போய்விடும்.

கல்லடிப் பாலம்வரை போவோம் என்று ஸாதியா கேட்டாளே. முன் சீட்டில் நிமிர்ந்து இருந்து வாவியைப் பார்த்தவள், "உம்மா, தண்ணி இவ்வளவு பெருசா? ஓட்டோவுல உங்கட கைதான் தெரியும்" என்றாள். எனக்கு றோட்டு மங்கலாகிவிட்டது. வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள். நான் கண்ணாடியில் உங்களைப் பார்த்தேன். பின்னாலிருந்து நீங்கள், "உன்ட சாச்சி" என்றீர்கள். உம்மாவின் தங்கச்சியைக் கூப்பிடுகிற வார்த்தை. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஏறாவூரில் யாரும் என் பெயரைக்கூட வாயில் எடுத்ததில்லை ராத்தா. காருக்கு நீங்கள் எனக்கு நன்றி சொன்னீர்கள். அந்தச் சொல்லுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

அவரிடம் எல்லாம் சொன்னேன். கடைசியில், "புள்ள முன் சீட்லயா இருந்தா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

இன்னொரு விஷயம். நான் உண்டாகியிருக்கிறேன். ஆறாம் மாதம். அபாயாவுக்குள் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நேரில் சொல்ல நினைத்து, உங்கள் மனம் நோகுமோ என்று பயந்து சொல்லாமல் வந்துவிட்டேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே எழுதுவது நல்லதென்று பட்டது. போன வருடம்தான் லீவில் வந்து போனார், பிள்ளை பிறக்கும்போது மறுபடி லீவு கிடைக்காதாம். உம்மாவும் நானும்தான். எங்களுக்காக துஆச் செய்யுங்கள்.

தங்கச்சி,
சுஹைனா

ஏறாவூர்
02.05.2025

என் தங்கச்சி சுஹைனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிறது. உடனே பதில் எழுதவில்லை. மனம் நோகுமோ என்று கேட்டிருந்தாய். பொய் எழுத மாட்டேன், ஒரு நாள் கொஞ்சம் நொந்தது. அந்த ஒரு நாள்தான். பிறகு, சித்தாண்டியில் நீ குனிந்து ரயர் பார்த்ததும், ஸாதியாவைத் தூக்க வந்ததும் நினைவுக்கு வந்து, ஐயோ, இந்தப் பெண்ணைத் தூக்க விட்டுவிட்டேனே என்று பதறிப்போனேன். இனி ஒன்றையும் தூக்காதே.

நான் இப்போது தனியாக ஓடுகிறேன். முதல் நாள் தன்னாமுனையில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டேன், பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னை அடித்துக்கொண்டே இருந்தான். ஸாதியா கண்ணாடியை இறக்கி, "எங்கட உம்மா பழகுறா, பொறுங்க" என்று கத்தினாள். இப்போது இரண்டாம் கியரில் நிற்பதில்லை. நீ சொன்னபடி நிரப்பிப் பார்த்தேன், முந்தியதைவிட மிச்சம். செயார் இந்த மழைக்கு நனையவில்லை. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் உனக்காகத்தான் துஆக் கேட்கிறேன். உங்கள் வாப்பாவுக்காகவும்.

பிள்ளை விஷயத்தை ஸாதியாவிடம் சொன்னேன். உடனே செயாரைத் தள்ளிக்கொண்டு போய், "எனக்கு ஒரு ஆள் வருது" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

அதனால் நான் சொல்வதைக் கேள். டாக்டர் சொன்ன திகதியை எழுதி அனுப்பு. அதற்கு ஒரு வாரம் முந்தியே நான் லீவு போட்டுவிடுவேன். நோவு தொடங்கினால் கடிதம் எழுதிக்கொண்டிராதே, கடிதத்தின் பின்பக்கம் என் நம்பர் எழுதியிருக்கிறேன், போன் எடு. எந்த நேரமானாலும் வாறன். ஸாதியாவின் தம்பியோ தங்கச்சியோ ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை.

உன் ராத்தா,
ஹஸீனா